முதல் கன்சோல் ரேடியோ: ஃபில்கோவா, ஜெனித்தா, ஸ்காட்டா?

கூடத்தில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அங்கே 1930களின் அமெரிக்க கன்சோல் ரேடியோ ஒன்றை நிறுத்த வேண்டும். கையில் கொஞ்சம் பணம், வார இறுதியில் கொஞ்சம் நேரம். எதை வாங்குவது? நியூஜெர்சியில் எனக்குப் பழக்கமான இரண்டு நண்பர்கள் சில மாத இடைவெளியில் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவரை ஜெனித் வாங்கச் சொன்னேன். இன்னொருவர் ஸ்காட் வாங்கப் போகிறேன் என்றபோது தடுக்கவில்லை. நான் முதலில் வாங்கியது ஃபில்கோ. மூன்றையும் பிரித்துப் போட்டு வேலை பார்த்திருக்கிறேன் என்பதால் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

கன்சோல் என்பது தரையில் நிற்கும் ரேடியோ. மூன்றரை அடி உயரம் இருக்கும். மேல் தட்டில் வால்வுகளும் மற்ற பாகங்களும் பொருத்திய உலோகச் சட்டமான சேஸிஸ், அதற்குக் கீழே பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்தே கிடக்கும். முன்பக்கத்தில் வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மர ஏடு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல ஒட்டியிருப்பார்கள். மரத்தின் ரேகை இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல இறங்கும். தொலைக்காட்சி வருவதற்கு முன் குடும்பம் மொத்தமும் இதைச் சுற்றித்தான் உட்கார்ந்தது. ரேடியோவை இயக்கும் கண்ணாடிக் குழாயை நம்மூரில் வால்வு என்பார்கள், அங்கே ட்யூப் என்பார்கள். எத்தனை வால்வு என்பதுதான் அந்தக் காலத்து விளம்பரங்களில் முதல் பெருமை.

அந்தப் பெருமையின் உச்சியில் சில பெட்டிகள் உண்டு. ஜெனித்தின் ஸ்ட்ராட்டோஸ்பியர் 1000இசட், 25 வால்வு, 1935ல் 750 டாலர். அந்த வருடம் புது ஃபோர்டு காரே அதைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்தது. கிராஸ்லி நிறுவனத்தின் டபிள்யூஎல்டபிள்யூ மாடலுக்கு 37 வால்வு, ஆறு ஸ்பீக்கர். ஸ்பார்ட்டன் நாக்டர்ன் இன்னொன்று. வால்டர் டோர்வின் டீக் வடிவமைத்தது, நீலக் கண்ணாடியில் நிலா போன்ற முழு வட்டம். இவற்றை அருங்காட்சியகத்திலோ பெரிய ஏலத்திலோதான் பார்க்க முடியும். முதல் பெட்டி வாங்குபவரின் கணக்கில் இவை வராது. ஆகவே இதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று பெயர்களுக்குள் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் பார்க்கும் விஷயம் ஒன்றுதான்: பெட்டியில் எது கெட்டிருக்கிறது என்பதைவிட எது தொலைந்திருக்கிறது. கெட்டது எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒன்றே. எண்பது தொண்ணூறு வருடப் பழைய ரேடியோவில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர் அத்தனையிலும் மின்சாரம் கசியும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கும். கார்பன் ரெசிஸ்டர்களில் பாதிக்கு மின்தடை ஏறியிருக்கும். இதெல்லாம் இன்றும் புதிதாகத் தயாராகும் சாமான். ஃபில்கோவுக்கும் ஸ்காட்டுக்கும் ஒரே கடையில் வாங்கலாம். (நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகள் கெப்பாசிட்டரைக் கண்டன்சர் என்பார்கள். 1930களின் அமெரிக்க வரைபடங்களிலும் கண்டன்சர் என்றே எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் ஊரில் கேட்ட குரல்கள் நினைவுக்கு வரும்.) டயல் கண்ணாடி, அதைச் சுற்றிய பித்தளைச் சட்டம், அசல் ஸ்பீக்கர், அசல் குமிழ்கள், இவற்றில் ஒன்று தொலைந்துவிட்டால் கதை வேறு. வேறொரு பெட்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதலில் வாங்கிய ஃபில்கோவை விற்றவர், “ஸ்பீக்கர் மட்டும் வேறு போட்டிருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஸ்பீக்கர்தானே, எங்கும் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்தக் காலத்துக் கன்சோல் ஸ்பீக்கரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. பெரிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரம் ஓடித்தான் அது காந்தமாகும். அதற்கு ஃபீல்ட் காயில் என்று பெயர். அதே சுருள்தான் மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் வேலை செய்கிறது. வால்வுகளுக்குப் போகும் உயர் மின்னழுத்தம் முழுவதும் ஸ்பீக்கர் வழியாகச் சுற்றித்தான் போகும். அசல் ஸ்பீக்கர் இல்லையென்றால் ரேடியோவின் பாதி சர்க்யூட்டே இல்லை என்று அர்த்தம். சோக்கும் ரெசிஸ்டரும் வைத்து ஒப்பேற்றினேன். பாடியது, கூடவே ‘ம்ம்ம்’ என்று முனகவும் செய்தது. பொருத்தமான ஸ்பீக்கர் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுத்தேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபில்கோ பிலடெல்பியாவில் பேட்டரி செய்த நிறுவனம். பெயரே பிலடெல்பியா ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனியின் சுருக்கம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரேடியோ வந்ததும் ரேடியோ பேட்டரிக்குத் தேவை சரிந்தது. அவர்கள் ரேடியோவுக்கே மாறினார்கள், 1930 வாக்கில் நாட்டிலேயே பெரிய ரேடியோ தயாரிப்பாளர் ஆனார்கள். லட்சக்கணக்கில் செய்ததால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஒரு பெட்டியில் குமிழ் இல்லையென்றால், மரம் உளுத்துப்போன இன்னொரு பெட்டியைச் சல்லிசாக வாங்கி அதிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

எந்த ஃபில்கோ? 11 வால்வு 116எக்ஸ் எனக்குப் பிடித்தது. மாடல் எண்ணின் கடைசியில் எக்ஸ் இருந்தால், உள்ளே ஸ்பீக்கர் பலகையைச் செங்குத்தாக வைக்காமல் பின்னுக்குச் சாய்த்து வைத்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கி ஓசை ஏறி வருவதற்கான ஏற்பாடு. கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஆண் குரல் முழங்காலுக்குக் கீழிருந்து வராமல் நெஞ்சுக்கு நேராக வரும். அடுத்த வருடத்து 37-116ல் 15 வால்வு. முகப்பில் பழைய தொலைபேசி போலச் சுழற்றும் டயல், நிலையத்தை அதுவே பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளும். 1937லிருந்து மாடல் எண்ணின் முன்பாதியே வருடத்தைச் சொல்லிவிடுவதால் எந்த வருடத்துப் பெட்டி என்று விற்பவரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஃபில்கோவில் வேலை எங்கே கூடுதல் என்றால், பேக்கலைட் கட்டைகளில். 1930களில் அவர்கள் கெப்பாசிட்டர்களைக் கறுப்பு பேக்கலைட் டப்பிக்குள் வைத்துத் தாரை ஊற்றி மூடினார்கள். வெளியே பார்த்தால் கம்பி கோக்கும் கட்டை போல இருக்கும், உள்ளே ஒன்றோ இரண்டோ கெப்பாசிட்டர். கட்டையின்மேல் உள்ள எண்ணை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். சூடான காற்றைக் காட்டினால் தார் இளகும், பழசைத் தள்ளிவிட்டுப் புதிய ஃபிலிம் கெப்பாசிட்டரைச் செருகி, கட்டையை அதே இடத்தில் திருகிவிடலாம். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்த வேலையில் கிடைக்கும் நிம்மதி வேறெதிலும் கிடைப்பதில்லை. கடைசியில் சேஸிஸைக் கவிழ்த்துப் பார்த்தால் 1936ல் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது போலவே இருக்கும். நடுவில் ஒருவன் கைவைத்த தடமே தெரியாது.

உண்மையில் தலைவலி தருவது ரப்பர் கம்பி. 30களின் பிற்பாதியில் பல கம்பெனிகள் ரப்பர் உறை போட்ட கம்பியைப் பயன்படுத்தின, ஜெனித்தும் இதில் சேர்த்தி. இன்று அதைத் தொட்டால் வறுத்த அப்பளம் போல உதிரும். 116 வரிசையில் அலைவரிசைச் சுருள்கள் எல்லாம் சேர்ந்த ஒரு தனிப் பகுதி சேஸிஸின் நடுவில் புதைந்திருக்கும். அதை வெளியே எடுத்துத்தான் கம்பி மாற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள்.

அப்புறம் ஜெனித். சிகாகோ. ஆரம்பித்தவர்களின் அமெச்சூர் நிலைய அடையாளம் 9இசட்என், அதிலிருந்து வந்த பெயர். ஜெனித்தை விரும்புபவர்கள் எல்லோரும் முதலில் அதன் முகத்தைத்தான் விரும்புகிறார்கள். 30களின் நடுவில் வந்த பெரிய வட்டக் கறுப்பு டயலைச் சொல்கிறேன். இருட்டில் எரியும்போது கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் மிதக்கும். போலீஸ், விமானம், கப்பல், அமெச்சூர் என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே இருக்கலாம். கடிகாரத்தின் நொடிமுள் போல ஒரு சின்ன முள்ளும் உண்டு. பிடித்த நிலையத்தை அதன் இடம் பார்த்துக் குறித்துக்கொண்டால் மறுநாள் அதே புள்ளிக்குத் திரும்பலாம். 1938க்கான 9-எஸ்-262 போன்ற மாடல்களில் இன்னொரு விந்தை: அலைவரிசையை மாற்றினால் டயலின் முகமே மாறிவிடும், அந்த வரிசைக்குரிய அளவுகோல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். மாடல் எண்ணின் முதல் இலக்கம் வால்வு எண்ணிக்கை, 9-எஸ்-262 என்றால் ஒன்பது வால்வு.

விரும்புபவர்கள் அதிகம் என்பதால் விலையும் அதிகம். அதே காரணத்தால் ஜெனித்துக்குக் கிடைக்கும் மறுபதிப்புச் சாமான்களும் அதிகம். டயல் மூடி, குமிழ், ஒட்டும் எழுத்து, ஸ்பீக்கர் துணி எல்லாம் அசலைப் பார்த்து இன்று செய்து விற்கிறார்கள். நான் முன்பு சொன்ன ‘தொலைந்தது’ பட்டியலில் பாதி இங்கே அடிபட்டுப் போகிறது. முதல் நண்பருக்கு ஜெனித் சொன்னதற்கு இதுதான் காரணம். அவருக்குச் சால்டரிங் கை புதிது, வேட்டையாட நேரமில்லை, கூடத்தில் அழகாகவும் நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 1936, 37 ஜெனித்தில் நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண் வால்வு 6டி5. வழக்கமான பச்சைக் கண்ணில் நிழல் விசிறி போல விரிந்து சுருங்கும். இதில் ஒளி வளையமாக வளரும், அவ்வளவு அழகு. அசல் 6டி5 அரிதாகிவிட்டது, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். 6யு5 வால்வைச் செருகினால் வேலை செய்யும், வளையம் மட்டும் வராது. வாங்கும் பெட்டியில் அசல் இருந்து அது இன்னும் ஒளிர்கிறது என்றால் பேரம் பேசும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஸ்காட். பிற்காலத்து ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர் செய்த எச்.எச். ஸ்காட் வேறு, இவர் இ.எச். ஸ்காட். நியூசிலாந்தில் பிறந்து சிகாகோவில் கடை போட்டவர். 20களில் ஊர் திரும்பியபோது, தானே கட்டிய ரேடியோவை எடுத்துப்போய், பசிபிக்கின் மறுகரையிலிருந்து அமெரிக்க நிலையங்களைத் தொடர்ந்து கேட்டுக் காட்டினார். அந்தப் பெயரை வைத்தே தொழில் வளர்ந்தது. இவருடைய ரேடியோவை மூலைக்கடையில் வாங்க முடியாது, நேரடியாக ஆர்டர் கொடுக்க வேண்டும். மரப்பெட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாஸ்மன், வேவர்லி, வாரிங்டன் என்று பெட்டிகளுக்குத் தனித்தனிப் பெயர். சேஸிஸ் முழுவதும் குரோம் முலாம். 1937ல் வந்த ஃபில்ஹார்மோனிக்கில் 30 வால்வு. நிலையத்தைப் பிடிக்கும் ட்யூனர் ஒரு சேஸிஸ், ஆம்ப்ளிஃபையர் இன்னொன்று, கீழே 15 அங்குல ஸ்பீக்கர். போர்க்காலத்தில் இவர்கள் கப்பல்களுக்குச் செய்த ரேடியோவுக்கு ஒரு சிறப்பு உண்டு. சாதாரண ரேடியோ தானே மெல்லிய அலையை வெளிவிடும், நீர்மூழ்கி அதை மோப்பம் பிடித்துவிடலாம் என்ற பயம் இருந்தது. அந்தக் கசிவை அடக்கிய ரேடியோக்கள் ஸ்காட்டிலிருந்து போயின.

ஓசையில் ஸ்காட்டுக்கு ஈடு கிடையாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. மற்ற இரண்டும் நல்ல ரேடியோ போலக் கேட்கும். நன்றாகச் சரிசெய்த ஃபில்ஹார்மோனிக் பாடும்போது, அறைக்குள் நுழைபவர் ரேடியோ எங்கே என்று தேடமாட்டார், பாடுபவர் எங்கே என்றுதான் பார்ப்பார். அலைவரிசையின் அகலத்தை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பக்கத்து நிலையத்தின் இடைஞ்சல் இல்லாதபோது முழுதாக விரித்தால் மிருதங்கத்தின் வலந்தலைச் சத்தம் தனியாகக் கேட்கும்.

முதல் பெட்டியாக ஸ்காட் வாங்குவதில் உள்ள ஆபத்தையும் சொல்கிறேன். ட்யூனர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், மரப்பெட்டி நான்கும் நான்கு திசைக்குப் போயிருக்கலாம். ஆம்ப்ளிஃபையர் இல்லாத ட்யூனர், பெட்டி இல்லாத சேஸிஸ் எல்லாம் விற்பனைக்கு வந்தபடியே இருக்கின்றன. “மீதியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்” என்று வாங்கினால் வருடங்கள் ஓடிவிடும். எண்ணிக்கையில் குறைவாகச் செய்த பொருள், உதிரியும் குறைவு. ஈரமான பேஸ்மென்ட்டில் கிடந்திருந்தால் குரோம் முலாம் கொப்புளித்து அடியில் துரு ஏறியிருக்கும். அதைத் திரும்ப முலாம் பூச, சேஸிஸில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கழற்ற வேண்டும். கெப்பாசிட்டர் மாற்றும் வேலையும் ஃபில்கோவைவிட இரண்டு மூன்று மடங்கு. நான் ஜெனித் ஒன்றை நாலைந்து வார இறுதிகளில் முடிப்பேன். ஸ்காட்டுக்கு ஒரு குளிர்காலம் போதாது.

விலை? நான் பார்த்தவரை, ஓடாத நிலையில் ஃபில்கோ நூறு டாலர் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. கறுப்பு டயல் ஜெனித் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. முழுதாக இருக்கும் ஸ்காட் ஆயிரத்தைத் தாண்டும். சாதாரண கன்சோல்களின் விலை பல வருடங்களாக ஏறவில்லை. பெரிய பெட்டி வைக்க இடமில்லை என்று பலரும் சின்ன மேசை ரேடியோ பக்கம் போய்விட்டார்கள். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் வாங்குங்கள்.

சரிசெய்து விற்பதை வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வாங்கலாம், ஆனால் சேஸிஸின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். ‘சரிசெய்தது’ என்ற சொல்லுக்குள் பலதும் ஒளிந்திருக்கும். வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டு, உள்ளே எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மட்டும் மாற்றி ‘ஓடுகிறது’ என்பவர்கள் உண்டு. மெழுகுக் கெப்பாசிட்டர் ஒன்றாவது படத்தில் தெரிந்தால் அது சரிசெய்த ரேடியோ கிடையாது. நேர்மையாக முழு வேலை செய்தவர் கேட்கும் விலையில் அவர் உழைப்புக்குப் பாதிக்கூலிகூட வராது. அப்படி ஒருவர் கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள்.

சரிசெய்யாததைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கையில் டார்ச் விளக்கும் மல்டிமீட்டரும் போதும். முதலில் பின்பக்கம் போய் ஸ்பீக்கரைப் பாருங்கள், அசல்தானா, காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா என்று. ஃபீல்ட் காயிலையும் டிரான்ஸ்பார்மரையும் மீட்டர் வைத்துப் பார்த்தால் சுருள் அறுந்ததா இல்லையா தெரிந்துவிடும். டிரான்ஸ்பார்மரில் தார் ஒழுகிக் கருகிய வாடை அடித்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பிறகு டயல் கண்ணாடி, சட்டம், குமிழ்கள். வெனீர் ஓரத்தில் எழும்பியிருந்தால் பரவாயில்லை. அந்தக் காலத்து விலங்குப் பசை ஈரத்தில் விட்டுவிடும், திரும்ப ஒட்டலாம். துண்டாகப் பெயர்ந்து தொலைந்திருந்தால் ரேகை பொருந்தும் வெனீர் தேடுவது கடினம்.

விற்பவர் “இருங்கள், செருகிக் காட்டுகிறேன்” என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருடக்கணக்கில் தூங்கிய ரேடியோவை நேரே பிளக்கில் செருகினால் காய்ந்த எலக்ட்ரோலிட்டிக் ஷார்ட் ஆகும், ரெக்டிஃபையர் வால்வின் தகடு சிவக்கும், அடுத்து டிரான்ஸ்பார்மர் புகையும். என் மூன்றாவது பெட்டியில் ஆவலை அடக்க முடியாமல் நானே இதைச் செய்தேன். அந்த டிரான்ஸ்பார்மரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து நூறு வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்த பிளக் இல்லாமல் எந்தப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ரேடியோ தப்பிக்கும். சேஸிஸுக்குள் 300 வோல்ட் சாதாரணமாக ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். இதில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை கைவைக்காதீர்கள். நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு: வால் டவுன்ஷிப்பில், மார்க்கோனி காலத்து நிலையம் இருந்த இடத்தில், இன்ஃபோஏஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள ரேடியோ காட்சிக்கூடம் பழைய ரேடியோ சங்கத்தாரின் உழைப்பு. போய்ப் பேசிப் பாருங்கள், நாள் போவது தெரியாது.

மரத்தைப் பற்றி என் கட்சி தெளிவானது. பழைய பூச்சு முழுதாகப் போகாதவரை சுரண்டாதீர்கள். பியூமிஸ் பொடி கலக்காத கை கழுவும் களிம்பைத் தடவி மெல்லத் துடைத்தாலே எண்பது வருட அடுப்புப் புகையும் சிகரெட் கறையும் வந்துவிடும். அடியில் பாதிப் பெட்டிகளில் நல்ல லாக்கர் பூச்சு இருக்கும். தொழிற்சாலையில் லாக்கருக்குள்ளேயே சாயம் கலந்து தெளித்து, விளிம்புகளை இருட்டாக்கி நடுவை வெளிச்சமாக விட்டிருப்பார்கள். சுரண்டியதும் அந்த நிழல் போய்விடும். மலிவு மாடல்களில் இன்னும் மோசம். அழகான மர ரேகை என்று நாம் நினைப்பது அச்சடித்த படமாக இருக்கும், சுரண்டினால் அடியில் வெறும் பலகை.

உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சேஸிஸ் இல்லாமல் வெறும் பெட்டி கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள், பெட்டியாவது குப்பைக்குப் போகாமல் நிற்கும். முழுதாக இருக்கும் ஒன்றில் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். உங்கள் தேவை நீங்கள் விரும்பும் பாட்டு அதில் ஒலிக்க வேண்டும் என்பதுதானே? அதற்கு ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை. 100 மில்லிவாட்டுக்குள், மூன்று மீட்டர் ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஏஎம் டிரான்ஸ்மிட்டரை அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதில் கைபேசியைச் செருகினால் ஜெனித்தின் கறுப்பு டயலில் ஏதோ ஒரு எண்ணில் தமிழ்ப் பாட்டு வந்து நிற்கும். குமிழைத் திருப்பித் தேடிப் பிடிக்கிற சுகம் அப்படியே இருக்கும். நிஜ நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. இரவில் நியூஜெர்சியிலிருந்து டொரன்டோவின் 740, சின்சினாட்டியின் 700 பிடிக்கும். சிற்றலையில் 5, 10 மெகாஹெர்ட்ஸில் டபிள்யூடபிள்யூவி நிலையம் நொடி நொடியாக நேரம் தட்டிக்கொண்டிருக்கும். இடைஞ்சல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். எல்இடி விளக்கையும் சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் உள்ளவர்களுக்கு: இவை 110-120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம்மூர் 230 வோல்ட்டை இறக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அதோடு முடியவில்லை. மின்சாரம் அமெரிக்காவில் நொடிக்கு 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), இந்தியாவில் 50. 60க்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மர் 50ல் கூடுதலாகச் சூடேறும், வோல்ட்டைக் குறைத்தாலும் இந்தச் சிக்கல் முழுதாகப் போகாது. பின்பக்கச் சீட்டில் 50-60 சைக்கிள் என்று அச்சடித்த பெட்டியாகப் பார்த்து எடுங்கள். எடுத்துச் செல்லும்போது சேஸிஸையும் ஸ்பீக்கரையும் கழற்றித் தனித்தனியாகக் கட்டுங்கள், பெட்டிக்குள் திருகியபடி அனுப்பினால் வழியில் மரம் பிளக்கும்.

முதல் நண்பரின் ஜெனித் இப்போது அவர் கூடத்தில் நிற்கிறது. மாலையில் அவருடைய அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வளையம் விரிவதைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்புவார். ஸ்காட் வாங்கியவர் ஆம்ப்ளிஃபையரை முடித்துவிட்டார், ட்யூனர் இன்னும் என் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நாலு கெப்பாசிட்டர் மாற்றிவிட்டுப் போகிறார். அவருடைய பெட்டியில் எல்லாம் இருந்தது, பித்தளைச் சட்டம் உட்பட. அதனால்தான் தடுக்கவில்லை.